பரவாயில்லை பட்டன்

‘இந்தச் சர்வரை நம்ப முடியாது’ என்று லேப்டாப் சொன்னதும் வக்கீலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“பாரு, உன் பெட்டியை நம்ம கம்ப்யூட்டரே நம்பல. ஊரு நம்புமா?”

அவன் தங்கை அசையவில்லை. அந்த அலுவலகத்தின் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. கட்சிக்காரர்களின் கோப்புகள் இருக்கும் சர்வருக்கு நேற்று அவளே ஒரு சான்றிதழ் தயாரித்திருந்தாள். வெளியார் யாரும் அதற்கு ஜாமீன் நிற்கவில்லை, அதனால்தான் எச்சரிக்கை. ஒவ்வொரு கணினியிலும் அதை ஏற்றிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும். வழியில் யாரும் கோப்பை எட்டிப் பார்க்கவும் முடியாது.

“அதுக்குத்தான் லேப்டாப்பைக் கேட்டேன். குடுத்தியாண்ணா?”

“இதுல நீ கை வைக்காதே. பழையபடி திறந்து விடு.”

பழையபடி என்றால் பூட்டில்லாத கோப்புறை. காத்திருப்போர் அறைச் சுவரில் வைஃபை கடவுச்சொல் ஒட்டியிருந்தது. புருஷனுக்குப் பயந்து வீடு மாறிய ஒரு கட்சிக்காரியின் புது முகவரி போன மாதம் அந்தப் புருஷன் கைக்கே போனது. காத்திருப்போர் அறையில் உட்கார்ந்து அவன் தன் லேப்டாப்பை நோண்டியதை அலுவலகத்தின் தட்டச்சு அக்கா பார்த்திருந்தாள். அந்தப் பெண் மறுபடி வீடு மாறினாள். வழக்கு இன்னும் இங்கேதான் நடக்கிறது.

“சரி, எச்சரிக்கை வந்தா நேத்து மாதிரி ‘பரவாயில்லை’ பட்டனை அமுக்கிட்டுப் போறேன். நீதானே சொன்னே?”

சொன்னவள் அவள்தான். காலையில் வேறேதோ எச்சரிக்கைக்கும் தட்டச்சு அக்கா படிக்காமலே அமுக்கியதை அவள் பார்த்திருந்தாள்.

“சொன்னது தப்பு. நாளைக்கு ஒருத்தன் நடுவுல பொய்ப் பெட்டியை வச்சாலும் அமுக்குவே. அந்த பட்டனையே எடுத்துட்டேன்.”

“எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு. பழசைத் திற. இல்ல, வேற ஆளைப் பார்த்துக்குறேன்.”

“தாராளமா பாரு. வர்றவனாலயும் திறக்க முடியாது. பழசை அழிச்சாச்சு.”



“என்னோடதுல ஏத்தியாச்சு சார்,” என்றாள் தட்டச்சு அக்கா. “ஊசி போடுற மாதிரி ஏன் கத்துறீங்க? வலிக்கலை.”

அண்ணன் லேப்டாப்பை மேசைமேல் தள்ளினான். தங்கை பென் டிரைவைச் செருகினாள். திரையில் சான்றிதழின் கைரேகை வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீள வரிசை.

“சத்தமாப் படி. சர்வர்ல இருக்கிறதோட ஒப்பிடுறேன்.”

“நீ போட்டதுதானே? எதுக்கு?”

“நான் போட்டேன்னு நீ நம்ப வேணாம். படி.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். நடுவில் இரண்டு எண்களை விழுங்கினான்.

“முதல்லேருந்து,” என்றாள்.