ஒன்பதிலிருந்து மூன்றுக்கு

கண்டனூரில் அந்தப் பெரிய வீட்டு வாசலில் கால்நடை மருத்துவர் நீலாயதாட்சி வந்து இறங்கியபோது மணி பதினொன்று. தெருவில் ஊரே கூடி நின்றது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சத்தம் கேட்டால் உள்ளே நிற்கும் காளை மிரளும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்ட செவலைக் காளை அது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வயலில் இறங்கி, கண்மாய்க்கரை ஏறி, ரோட்டைத் தாண்டி இங்கே வந்துவிட்டது. அடுத்த வாரக் கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்துபோட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். காளை நேரே நுழைந்து, முதல் முற்றத்தைக் கடந்து, இரண்டாம் கட்டு முற்றத்தில் போய் நின்றது. அங்கே சாரத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த சின்னக்கருப்பு சாரத்தோடு சரிந்து விழுந்தார். மற்றவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். அவரால் எழ முடியவில்லை.

“மாடியிலருந்து எட்டிப் பாத்தேன் டாக்டரம்மா. இடது பக்கத் தூணு ஓரமாக் கெடக்காரு. கால் எலும்பு வெளிய தெரியுது. ரத்தம் நிக்கல,” என்றார் உதவியாளர் பொன்னழகு. “மாட்டுக்காரரு மருதுபாண்டிக்கும் சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்காராம்.”

“அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுண்ணே.”

வனத்துறையிடம் இரவல் வாங்கிய மயக்க ஊசித் துப்பாக்கியை அவள் பெட்டியிலிருந்து எடுத்தாள். அதில் தோட்டா கிடையாது. மருந்து நிரப்பிய ஊசியைக் காற்றழுத்தம் தள்ளிவிடும். மேலே குறிபார்க்க ஒரு ஸ்கோப். அதன் வளையத்தைத் திருப்பினால் உருவம் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாகும். இதற்கு முன் இரண்டு மாடுகளை அவள் இப்படிப் பிடித்திருக்கிறாள். இரண்டும் வெட்டவெளியில் தனியாக நின்றவை. இரண்டு முறையும் ஒன்பதில் வைத்துத்தான் சுட்டாள். பெரிதாகத் தெரிந்தால் தைரியமாக இருந்தது.

காளைக்கு முந்நூற்றைம்பது கிலோ இருக்கும் என்று கணக்கிட்டு மருந்தை ஏற்றினாள். இரண்டு கட்டுக்கும் நடுவே இருந்த நடையில் குப்புறப் படுத்தாள். காளை இருபது மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்றது. ஒரு கொம்பு நுனி உடைந்திருந்தது. விலா புடைத்து அடங்கியது.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வட்டம் முழுக்கச் செவலைத் தோல். எது தொடை, எது வயிறு என்று பிடிபடவில்லை. அவளுடைய இதயத் துடிப்புக்கே குறுக்குக்கோடு ஏறி இறங்கியது. காளை அரையடி நகர்ந்தால் வட்டத்தில் வெறும் சுவர்தான் தெரிந்தது. மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வயிற்றில் பட்டால் குடல் போகும். எலும்பில் பட்டால் ஊசி தெறிக்கும். அதன் பிறகு மிரண்ட காளையும் கால் முறிந்த மனிதரும் ஒரே முற்றத்தில்.

தூண் ஓரம் முனகல் கேட்டது. “தண்ணி...”

கடைசியில் தொடைச்சதை அகப்பட்டது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். விரல் விசையில் படிந்தது.

அந்த நொடியில் தோல் சிலிர்த்தது. சதை கல்லாக இறுகியது. காளை எதையோ கண்டுவிட்டது. எதை என்று அவளுக்குத் தெரியவில்லை, தோலைத் தவிர எதுவும் தெரியவில்லை. விரலை எடுத்தாள். இடது கையால் வளையத்தைத் திருப்பினாள். ஏழு, ஐந்து, மூன்று.

காளை சின்னதாகி முழு உருவம் வந்தது. அதற்குப் பின்னால், அவள் குறிவைத்த தொடைக்கு நேர் பின்னால், அடுப்படிக் கதவருகே ஒரு மனிதர் கையில் கயிற்றோடு வெறுங்காலில் வந்துகொண்டிருந்தார். மருதுபாண்டி. பின்சந்து வழியாகப் புகுந்திருக்கிறார்.

 ஊசி ஒரு சாண் விலகியிருந்தால் காளைக்கு அளந்த மருந்து அந்த மனிதரின் உடம்பில் இறங்கியிருக்கும்.

“டேய் செவல... நாந்தேன்டா...” என்றார் மருதுபாண்டி.

காளை அவர் பக்கம் முழுதாகத் திரும்பித் தலையைத் தாழ்த்தியது. குளம்பு தரையைப் பிறாண்டியது. அதற்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

கத்தினால் பாய்ந்துவிடும். நீலாயதாட்சி குரலைத் தணித்தாள். “மருதுபாண்டியண்ணே. செவத்தோட சாஞ்சு அப்படியே கீழ உக்காருங்க.”

“மாடு முன்னால உக்காரச் சொல்றீகளா?”

“நீங்க நின்னா நான் சுட முடியாது. உக்காருங்கண்ணே.”

அவர் காளையின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல் முதுகைச் சுவரில் தேய்த்தபடி இறங்கினார். இப்போது காளையின் முதுகுக்கு மேலே வெறும் சுவர். வளையத்தை நாலில் நிறுத்தினாள். பின்னந்தொடையும் தூணும் சுவரும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. சுட்டாள்.

ஊசி தொடையில் தைத்தது. காளை துள்ளி முன்னே பாய்ந்தது. கொம்பு மருதுபாண்டியின் தோளைக் கிழித்துச் சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. அவர் கத்தவில்லை, அசையவும் இல்லை.

மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். இன்னொரு ஊசி போட்டால் காளை செத்துப்போகும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். மூன்று நிமிடம். காளை அவர் முகத்தில் மூச்சை விட்டுக்கொண்டு நின்றது. ஐந்து. மருதுபாண்டி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஏழாவது நிமிடத்தில் பின்னங்கால்கள் தள்ளாடின. காளை முழங்காலிட்டு, மெல்லச் சரிந்து படுத்தது.

“இப்ப வாங்க!” என்று அவள் கத்தினாள்.

பொன்னழகும் நாலு பேரும் பலகையோடு ஓடிவந்தார்கள். சின்னக்கருப்பின் தொடையில் துண்டை இறுக்கிக் கட்டி ஆம்புலன்ஸுக்குத் தூக்கிப்போனார்கள். காளை பக்கவாட்டில் சாய்ந்தால் வயிறு உப்பி மூச்சு அடைக்கும் என்று, அதை நெஞ்சு தரையில் பட நிமிர்த்தி, தலையை நீலாயதாட்சியும் மருதுபாண்டியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். அவர் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை சிவந்திருந்தது.

“நான் வந்தத எப்பப் பாத்தீக?” என்று கேட்டார்.

“விசையில வெரலு வச்ச பெறகு.”

அவர் காளையின் காதுமடலைத் தடவினார். “என் புள்ளைய சுட்டுப்புடுவீகளோன்னுதான் ஓடியாந்தேன்.”

“பின்வாசல்ல ஒரு ஆள நிறுத்தியிருக்கணும். எனக்குத் தோணல. அது என் தப்புதேன்ணே.”

 காளையின் மூக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை மருதுபாண்டி விரலால் துடைத்துவிட்டார்.

மயக்கம் தெளிய மாற்று மருந்து போட்ட பிறகு ஒரு மணிக்குக் காளை எழுந்து நின்றது. சின்னக்கருப்புக்கு ஆபரேஷன் நடக்கிறது, காலை எடுக்க வேண்டியதில்லை என்று பொன்னழகு போனில் கேட்டுச் சொன்னார். நீலாயதாட்சி அப்போதுதான் நடையில் போய் உட்கார்ந்தாள்.  மருதுபாண்டி யாரோ தனக்குக் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை முதலில் அவளிடம் நீட்டினார்.