மூன்றாம் பாடத்து ஆடு

"ஒரே ஒரு ஆளைக் காட்டுலே, போதும்" என்றார் அண்ணன் சுந்தரதாஸ். "உனக்க பாடத்தப் பாத்து ஒரு கேம் செஞ்ச ஒரே ஒரு ஆளு. சந்திரமண்டலத்துல இருந்தாலும் சரி. காட்டீட்டியானா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா திங்கக்கிழமை காலத்த ஒம்பது மணிக்கு கடையில வந்து நில்லு. சும்மா குடுக்கதுக்கும் ஒரு அளவு உண்டு, கேட்டியா?"

சுந்தரதாஸுக்குக் கேரள எல்லையில், பாறசாலையில் ஹார்டுவேர் கடை. பெயிண்டும் பைப்பும் ஆணியும் விற்கிறவர். தம்பி ராஜதாஸ் பக்கத்து ஊரான காரோட்டில், அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தான். முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பகலில் இரண்டு மூன்று எஞ்சினியர்களுக்கு வீட்டு பிளான் வரைந்து அனுப்புவான். அதில் சாப்பாடு ஓடிவிடும். மிச்ச நேரமெல்லாம் பாடம்.

எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவன் அவன். கம்பெனியை இழுத்து மூடியபோது கையில் ஒரு பழைய லேப்டாப்போடு ஊருக்கு வந்தான். வந்த இடத்தில்தான் கோடோ அகப்பட்டது. கேம் செய்ய உதவுகிற மென்பொருள். தொழில்காரர்கள் கேம் என்ஜின் என்பார்கள். இது காசு கேட்காது. பழைய லேப்டாப்பிலும் ஓடும். இதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தப்பு கண்டால் திருத்தி அனுப்பலாம். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆயிரம் பேர் அப்படித் திருத்தித் திருத்தி வளர்த்தது. அத்தனை பேர் கூடிச் செய்ததை ராஜதாஸ் ஒற்றை ஆளாகப் படித்துத் தேறினான்.

தேறியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் சொல்ல ஆள் ஏது? யூடியூபில் ஒரு சானல் தொடங்கினான். தன் பேச்சிலேயே, ஒன்றுமே தெரியாதவர்களுக்காக, ஒரு ஆட்டுக்குட்டியை நடக்கவும் தாவவும் வைக்கிற பாடங்கள். "வணக்கம் மக்களே" என்று தொடங்குவான். பெயர் சொல்ல மாட்டான், ஊர் சொல்ல மாட்டான், முகம் காட்ட மாட்டான். சர்ச் சபையில் தெரிந்தால் கேம் வாத்தியார் என்று பட்டம் கட்டிவிடுவார்களே! ஒவ்வொரு படி முடிந்ததும் "புரிஞ்சா மக்கா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் மூன்று எண்ணுகிறவரை காத்திருப்பான். பிறகு அடுத்த படி.

பதினான்கு மாதத்தில் இருபத்திரண்டு பாடம். முதல் பாடத்தை முந்நூற்று நாற்பது முறை பார்த்திருந்தார்கள். மூன்றாம் பாடத்தை அறுநூற்றுப் பதினைந்து. நாலாம் பாடத்தைப் பதினேழு. கடைசிப் பாடத்தை நாலு. அந்த நாலில் இரண்டு, ஏறிவிட்டதா என்று அவனே திறந்து பார்த்தது. ஒருவர் கூட ஒரு வரி எழுதவில்லை. மூன்றாம் பாடத்தோடு ஜனங்களுக்கு மடுத்துப்போயிற்று, சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். தன் குரலைத் தானே கேட்கக் கூசும் என்பதால் எந்தப் பாடத்தையும் அவன் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

அண்ணன் கெடு வைத்ததும் அவனுக்குத் தோன்றிய ஒரே வழி நேரில் ஒரு வகுப்பு. குளத்தூர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. இலவசம். ஒருவராவது வந்து படித்து ஒரு கேம் செய்தால் அண்ணனிடம் காட்டலாம். வராவிட்டால் சானலை அழித்துவிட்டு திங்கட்கிழமை கடைக்குப் போய்விடுவது.

வாசகசாலைக்காரர் சிவானந்தம் இருபது நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

"போர்டு ரெண்டு பாஷையிலயும் எழுதி வச்சேன் தாஸே. கேம்னு கண்டதும் நாலு பேரு வந்து கேட்டாவ."

"கேட்டாவளா?" ராஜதாஸின் முகம் மலர்ந்தது.

"ஆமா. கேரம் போர்டு புதுசா வாங்கியாச்சான்னு."

மூன்றே கால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. சிவானந்தம் பத்திரிகையை மார்பில் விரித்துக்கொண்டு கண்ணயர்ந்தார். ராஜதாஸ் புரொஜெக்டரால் சுவரில் பாய்ச்சிய வெளிச்சத்தில் ஆட்டுக்குட்டி வலதும் இடதும் நடந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை மூடப் போனான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வயது தாண்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"கிளாஸ் முடிஞ்சா?"

"தொடங்கல்ல. வாங்க, இரிங்க."

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பேர் அஜிதா என்றாள். ஊர் குன்னத்துகால். அக்ஷயா சென்டரில் ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுக்கிற வேலை. ராஜதாஸ் தொண்டையைச் செருமினான். பழக்கம் தானாக வாயில் வந்தது.

"வணக்கம் மக்களே."

ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. சிவானந்தம் திடுக்கிட்டு விழித்தார்.

"இன்னொருக்க சொல்லுங்க" என்றாள் அஜிதா.

"என்னத்த?"

"இப்பச் சொன்னத!"

"வணக்கம் மக்களே..."

"எனக்க பகவதியே!" அவள் எழுந்தே விட்டாள். "மூணாம் பாடத்துல எனக்க ஆட்டக் கொன்ன அண்ணன் நீங்கதானாக்கும்!"

"ஆட்டையா? நானா?"

"பின்ன? நீங்க சொன்னது ஒண்ணு விடாம செஞ்சேன். பிளே அமுக்குனா உங்களுக்க ஆடு நிக்கும். எனக்க ஆடு நிக்காது. தரைக்க ஊடால விழுந்து கீழ போகும். போயே போகும். அந்த ஒரு பாடத்த நான் நாப்பது தடவ பாத்திருக்கேன், தெரியுமா?"

அறுநூற்றுப் பதினைந்து. ராஜதாஸுக்கு இப்போது கணக்குப் பிடிபட்டது. யாருக்கும் மடுத்துப்போகவில்லை. வந்தவர்களெல்லாம் அந்தப் பாடத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"அப்பவே ஒரு வரி கேட்டிருக்கலாமே? கீழ கமெண்டுல..."

"எங்க எழுத? நீங்கதான் பூட்டிப் போட்டிருக்கியளே!"

போனை நீட்டினாள். அவனுடைய பாடம்தான். அதன் கீழே, கருத்துகள் நிறுத்தப்பட்டுள்ளன என்று ஒரு வரி.

"நான் பூட்டல்ல" என்றான் அவன் மெதுவாக.

அஜிதா போனைத் திருப்பி வாங்கினாள். "வீடியோ ஏத்தும்போ, இது குழந்தைகளுக்கு உள்ளதான்னு ஒரு கேள்வி வருமே. என்ன குத்துனிய?"

"ஆமான்னு. கேம் அல்லே? பிள்ளையளுக்கு உள்ளதுதானேன்னு..."

"போச்சு! அதக் குத்துனா கமெண்டு தன்னால அடஞ்சு போகும். பாரத்த வாசிக்காம ஒப்புப் போடுத ஆளுவள நான் தினம் அம்பது பேரக் காணுகேன். நீங்க அம்பத்தொண்ணு." சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "இந்த என்ஜின ஆரும் தொறக்கலாம், ஆரும் திருத்தலாம்னு முதல் பாடத்துல அரமணிக்கூர் பேசுனிய. உங்க பாடத்தத் திருத்த ஒரு வாசலு உண்டா? பேரு இல்ல, ஊரு இல்ல, நம்பரு இல்ல. குளத்தூர் தாண்டி இருக்கிற ஆளுன்னு ஆரு கண்டா!"

"பொறவு... ஆடு என்னாச்சு?"

அஜிதா சொன்னாள். அந்த என்ஜினைப் பழகுகிற தமிழ்க்காரர்களுக்கு பேஸ்புக்கில் ஒரு கூட்டம் உண்டு. ஆடு விழுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று அங்கே கேட்டிருக்கிறாள். பதினொரு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒருவர், தூத்துக்குடியில் இருவர், வவுனியாவில் ஒரு டீச்சர், சார்ஜாவில் டிரைவர் ஒருவர். "ஆடு விழுது" என்றே பெயர் வைத்து வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். ஒன்றில் ஒன்று முட்டி நிற்பதற்கு ஆட்டைச் சுற்றி ஒரு மோதல் எல்லை வரைந்தால் போதாது, தரைக்கும் ஒன்று வரைய வேண்டும், அதைத்தான் அண்ணன் காட்டவில்லை என்று இரண்டு வாரத்தில் சார்ஜா டிரைவர் கண்டுபிடித்தார்.

"அதுக்குப் பொறவு நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துப் படிச்சோம். உங்க பாடம் தேவப்படல்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ராஜதாஸ் தலையை ஆட்டினான். நாலாம் பாடத்திலிருந்து இருபத்திரண்டாம் பாடம்வரை அவன் யாரிடம் "புரிஞ்சா மக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"எல்லாம் தெரிஞ்ச ஆளு எதுக்கு இந்தக் கிளாசுக்கு வந்திய?"

"போர்டு கண்டேன். நம்ம ஊருல இது தெரிஞ்ச இன்னொரு ஆளு உண்டான்னு பாக்கணும்போல இருந்து. வீட்டுல சொன்னா, இந்த வயசுல ஆடு மேய்க்கப் போறியான்னு கேக்காவ." போனில் எதையோ தேடி எடுத்தாள். "இந்தா, பாருங்க. நான் செஞ்சது."

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு ஆடு ஓடியது. பலா இலை பொறுக்கியது. எல்லைச் செக்போஸ்ட் வந்ததும் போலீஸ்காரர் கை காட்ட, நின்று, அவர் கொட்டாவி விடுகிற நேரம் பார்த்துத் தாவியது. ராஜதாஸ் இரண்டு தடவை மாட்டினான். மூன்றாம் தடவை ஆடு எல்லையைத் தாண்டியது. திரை கறுத்து, கீழிருந்து எழுத்துகள் ஏறி வந்தன. செய்தது அஜிதா. படம் வரைந்தது இன்னார், சத்தம் கொடுத்தது இன்னார். எல்லாவற்றுக்கும் கடைசியில்: பாடம் சொன்னது, பேர் தெரியாத அண்ணன்.

அவன் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வரி மேலே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரு சொல்லுங்க, மாத்தீடுகேன்" என்றாள் அஜிதா.

சொல்லச் சங்கடமாக இருந்தது. சொன்னான்.

போகுமுன் இருபத்திரண்டு பாடங்களின் பூட்டையும் அவளே அவனுடைய லேப்டாப்பில் திறந்துவிட்டாள். குழுவிலும் அவனைச் சேர்த்தாள். அவன் ஆவலாகத் திறந்து பார்த்தான். வெறும் திரை.

"பழசு ஒண்ணும் காணல்லியே?"

"சேருததுக்கு முன்ன பேசுனது உங்களுக்குக் காணாது அண்ணா. உங்கள மாதிரி பேசி, உங்கள ஏசி, எல்லாம் உண்டு. எட்டு மாசத்துக் கத."

அப்போது ஒரு செய்தி வந்தது. வவுனியா டீச்சர். "புதுசா வந்தவரா? எந்தப் பாடத்தில நிக்கிறீங்க?"

"ஆளு ஆருன்னு சொல்லட்டா?" அஜிதாவின் கண் பளபளத்தது.

"இப்ப வேண்டாம்" என்றான் ராஜதாஸ். யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். "மூணாம் பாடம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனை அழைத்தான். "ஆளு உண்டு அண்ணா. குன்னத்துகால்காரி. நல்ல கேமாக்கும், அனுப்புகேன்."

"கிளாசுக்கு எத்தன பேரு வந்தாவ?"

"அவ ஒருத்திதான்."

"இருவது கசேரி போட்டு ஒருத்தியா!" சுந்தரதாஸ் இருமுகிறவரை சிரித்தார். பிறகு, "சரிலே. சொன்னது சொன்னதுதான். நாளைக்கு கடைக்கு வரண்டாம். சாப்பிட்டியா?"

"இனிதான்."

போன் அடங்கியதும் வீடும் அடங்கியது.

அடுக்களையிலிருந்து கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அறைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, முதல் தடவையாக மூன்றாம் பாடத்தைப் போனில் போட்டான். கூச்சமாகத்தான் இருந்தது. ஏழாவது நிமிஷத்தில், பதிவுக்குள்ளே, பாம் பாம் என்று ஸ்கூட்டர் ஹாரன். பொழியூர் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரன். "ஒரு நிமிஷம் மக்களே" என்கிறது குரல். ஒரு வெட்டு. பிறகு தொடர்கிறது.

அவனுக்கு ஞாபகம் வந்தது. ஓடாவிட்டால் நல்ல மீன் அடுத்த வீட்டோடு தீர்ந்துவிடும். ஓடிப்போய்ச் சாளை வாங்கி, பூனைக்குப் பயந்து அவசரமாகக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடு தரைக்கு எல்லையை வரைந்து முடித்து, அதற்குப் பிறகுதான் பதிவுப் பொத்தானைத் திரும்ப அமுக்கியிருக்கிறான்.

"ஆடு நிக்குதா? புரிஞ்சா மக்கா?" என்று போன் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மௌனத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. தலைக்கு மேலும் அதே விசிறிதான் கிறீச்சிட்டது. எது அன்றைக்குள்ளது, எது இன்றைக்குள்ளது என்று பிரிக்க முடியவில்லை.

"புரியல்ல" என்றான் ராஜதாஸ், உரக்க. போன் அடுத்த படிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான்.

"வணக்கம் மக்களே. எனக்க பேரு ராஜதாஸ். காரோடு. இது மூணாம் பாடம், திரும்பவும். போன தடவ தரைய மறந்துட்டேன்."

வெளியே ஹாரன் கேட்டது. பாம் பாம். கை ஒரு கணம் நின்றது. மீன்காரன் கேட்டில் வந்து நின்று இன்னும் இரண்டு தடவை அடித்துப் பார்த்தான். பிறகு ஸ்கூட்டர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

"இனி தரைக்கு வருவோம்" என்றான் ராஜதாஸ் காலி அறையைப் பார்த்து. திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எல்லையை மெள்ள வரைந்தான்.