அவர் உயரத்துக்கு வைத்த கண்ணாடி

1

‘இந்தக் கண்ணாடியில் எனக்குச் சாலை தெரியாது. மாடிகளில் காயும் துணி தெரியும், மின்கம்பி தெரியும், ஏதாவது ஒரு மரத்தின் உச்சி தெரியும். சாலை தெரியாது. சொன்னேன். கொஞ்சம் கீழே திருப்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். கேமரா வாங்கிவிட்டார்கள்.’

இதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டாளா என்பதும் எனக்குத் தெரியாது. கார்களுக்குச் சீட் உறையும் ஹாரனும் மாட்டித் தரும் கடை ஒன்றில், என் வண்டியின் முறைக்காகக் காத்திருந்தேன். எதிரே ஒரு பழைய சின்னக் கார். அதைச் சுற்றி ஒரு கணவர், அவருடைய தம்பி, கடையின் ஃபிட்டர். கொஞ்சம் தள்ளி, கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, அவள். ஆண்கள் மூவரும் ஓயாமல் பேசினார்கள். அவள் பேசாததை வீட்டுக்கு எடுத்து வந்து எழுதத் தொடங்கினேன்.

கடையில் நடந்தது நான் பார்த்தது. அவளுடைய வேலை, வீடு, கழுத்துவலி ஆகியவை நான் கொடுத்தவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நவீன வாழ்வில் வாகனம் என்பது பெண்ணுக்கு ஒரு—

விட்டுவிட்டேன். பள்ளி ஆண்டுமலரில் வரும் கட்டுரைபோல இருந்தது.

பிறகு இப்படி:

அவர் நல்ல மனிதர்தான். மனைவிமேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று நினைப்பவர். அதனால்தான் அவர்—

இதையும் விட்டேன். இதில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். அவர் குடிப்பவர் இல்லை, கை நீட்டுபவர் இல்லை, மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவர். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் என் வேலை சுலபம். “ஓ, அந்த மாதிரி ஆளா” என்று நீங்களும் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போவீர்கள். அந்த நிம்மதியைத் தர எனக்கு மனமில்லை.

3

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கும் எழுந்து நடக்கப் பயிற்சி கொடுப்பவள். வீட்டில் ஒரே கார். அவளும் ஓட்டுகிறாள், கணவரும் ஓட்டுகிறார், கொழுந்தனும் ஓட்டுகிறான். இடது பக்கவாட்டுக் கண்ணாடி பழைய வகை. கூட்டோடு சேர்த்துக் கையால் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் அந்தக் கண்ணாடியைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே வந்ததில்லை. அவள் அவர்களின் தோள் மட்டம். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டால்தான் கால் எட்டும். அங்கே உட்கார்ந்து பார்த்தால், அவர்களுக்குச் சாலை தெரியும் கண்ணாடியில் அவளுக்கு ஆகாயம் தெரியும்.

திருப்பிக்கொண்டால் என்ன?

கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்டேன். [நான் படைத்தவளை நான் கேட்கலாம்.] திருப்பியிருக்கிறாள். திருப்பிய நாட்களில் அவர் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“யாரு கண்ணாடியத் தொட்டது?”

“நான்தாங்க. எனக்கு ரோடு தெரியல, அதான்…”

“திருப்பினா திருப்பி வைக்கணும்ல? மெயின் ரோட்டுல போயி கண்ணாடியப் பாத்தா தரை தெரியுது. மனுஷன் எப்படி ஓட்டறது?”

“பழையபடி வெச்சேனே.”

“வெச்ச லட்சணம்தான் தெரியுதே!”

சண்டை என்று சொல்ல முடியாது. குரல்கூட உயராது. ஆனால் அன்றைய சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளரை வைக்கும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஒரு மாலையைக் கெடுத்துக்கொள்வதைவிடக் கழுத்தை வளைத்துவிடுவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. வளைத்தாள். இடப்பக்கம் ஒதுங்க வேண்டிய ஒவ்வொரு முறையும் இருக்கையிலிருந்து எம்பி, தலையை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்தாள். நாளாக ஆக, நோயாளிகளுக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும்போது அவளுடைய கழுத்தே ஒரு பக்கம் திரும்ப மறுத்தது.*

* பிசியோதெரபிஸ்டுக்கே கழுத்துவலியா, செயற்கையாக இருக்கிறதே என்றார் பத்திரிகை ஆசிரியர். சமையல்காரருக்குப் பசிக்காதா?

4

ஒரு நாள் அவளால் எம்ப முடியவில்லை. காலையிலிருந்தே கழுத்து பிடித்திருந்தது. இடப்பக்கம் திரும்பும்போது, பின்னால் வந்த பைக் காரின்மேல் உரசிச் சாய்ந்தது. ஓட்டியவருக்கு முட்டியில் சிராய்ப்பு. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, “கண்ணாடி எதுக்கும்மா இருக்கு? தலை சீவவா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் அவள் முழுவதையும் சொன்னாள். கண்ணாடி மேலே பார்த்து இருக்கிறது, துணிதான் தெரிகிறது, அதைத் திருப்பி வைத்தால் போதும். கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, அண்ணனும் தம்பியும் அவளுடைய ஓட்டுத் திறமையைப் பற்றிப் பேசினார்கள். சுவரில் ஆணியில் தொங்கிய சாவி அவருடைய சட்டைப்பைக்குப் போனது.

“இடது பக்கம் காட்டற கேமரா ஒண்ணு மாட்டற வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம். உன் நல்லதுக்குத்தான்.”

பஸ் போகிற இடங்களுக்கு மட்டும் அவள் பஸ்ஸில் போனாள். ஊர்க்கோடியில் இருந்த நோயாளிகளை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நாற்காலியைப் பிடித்து அப்போதுதான் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த ஒருவரும் அவர்களில் உண்டு. சாவி வராமல் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை நழுவிப் போவார்கள். இந்தக் கதையில் அவளுக்குப் பணயம் அதுதான், அவளுடைய தொழில்.

5

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பியிருந்தேன். தொலைபேசியில் அழைத்தார்.

“நல்லாத்தான் மேடம் இருக்கு. ஆனா அந்த பைக்காரர் வெறும் சிராய்ப்போட எழுந்து போயிடறாரே?”

“போகட்டுமே சார். பாவம்.”

“கதைக்கு வெயிட் பத்தல. ஒரு குழந்தை… வண்டிக்குப் பக்கத்துல… அவங்க குழந்தையாவே இருந்தா இன்னும்…”

“ஒரு கண்ணாடியத் திருப்பணும்னா ஒரு குழந்தை சாகணுமா?”

“உதாரணத்துக்குச் சொன்னேன். கோவப்படாதீங்க. கண்ணாடியெல்லாம் ஒரு பிரச்சினையான்னு வாசகர்கள் கேப்பாங்கல்ல?”

நீங்கள் கேட்பீர்களாமே. கேளுங்கள். கோபத்தோடேயே பதில் சொல்கிறேன். பஸ்ஸில் கைக்கு எட்டாத கம்பி ஒரு பிரச்சினை இல்லை. முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் சமையலறை அலமாரி ஒரு பிரச்சினை இல்லை. அலுவலகத்தில் கால் தரையில் படாத நாற்காலியும் பிரச்சினை இல்லை. எதைச் சொன்னாலும் “இதுக்குப் போயா?” என்று முடித்துவிடலாம். இப்படி முடித்து முடித்து ஒருத்தி நாள் முழுவதும் எம்பிக்கொண்டும் வளைந்துகொண்டும் இருக்கிறாள். அவள் எம்பத் தவறிய ஒரே ஒரு நாளை மட்டும் ஊரே பார்க்கிறது. ரத்தம் வந்தால்தான் அவள் சொன்னது காதில் விழும் என்றால், அந்தக் காதுகளுக்காக நான் ஒரு குழந்தையைக் கொல்வதாக இல்லை. பைக்காரர் சிராய்ப்போடுதான் போவார். இஷ்டமிருந்தால் போடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

6

இனி நான் நேரில் பார்த்தது.

“வண்டிய யார் சார் ஓட்டறது?” என்று கேட்டார் ஃபிட்டர்.

“இவங்கதான். இவங்களுக்காகத்தான் மாட்டறதே.”

“ஓ, மேடமா! அப்போ பீப் சத்தத்தக் கூட்டி வெச்சிடறேன்.”

கொழுந்தன் சிரித்தான். “அண்ணி, இனிமே நீங்க கண்ண மூடிக்கிட்டே ஓட்டலாம். கண்ணாடில யார் வீட்டுத் துணி காயுதுன்னு பாத்துட்டிருக்க வேணாம்.”

அப்படியானால் அவள் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததை எடுத்து வைத்து நகைச்சுவையாக்கியிருக்கிறான்.

“எவ்வளவு சரியா கண்ணாடி வெச்சாலும் இடது பக்கம் ஒரு இடம் கண்ணுல படாது சார்,” என்று ஃபிட்டர் விளக்கினார். “பைக்காரன் கரெக்டா அங்கதான் வந்து நிப்பான். அதுக்குத்தான் இது.”

உண்மை. எனக்குக் கேமராவோடு சண்டை இல்லை. நல்ல பொருள், நானும் ஒன்று மாட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், என் உயரத்துக்குக் கண்ணாடியை வைத்த பிறகு.

இடப்பக்கக் கண்ணாடிக் கூட்டின் அடியில் கேமராவைத் திருகினார். ஒயரைக் கதவோரமாக இழுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் கைப்பேசி அளவில் ஒரு திரையைப் பொருத்தினார்.

“உக்காந்து பாருங்க, தெரியுதான்னு.”

ஓட்டுநர் இருக்கையில் கணவர் ஏறி உட்கார்ந்தார்.

[இந்த வாக்கியத்தை ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அவர்தான் ஏறி உட்காருகிறார்.]

அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இவளுக்காக என்று சொன்ன அதே வாயோடு, கால் வைக்க வசதியாக இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

“தெரியுதா சார்?”

“சூப்பரா தெரியுது. இன்னும் கொஞ்சம் கீழ… ஆங், அங்கயே.”

ஃபிட்டர் திருகை இறுக்கினார். பிறகு நினைவு வந்தவராக, “மேடம், நீங்களும் ஒரு தடவ பாத்துக்கோங்க,” என்றார்.

அவள் இருக்கையை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் மேல்வளைவு திரையின் பாதியை மறைத்தது. அவள் எம்பினாள். எம்பியபோது ஒரு கை பிடரிக்குப் போனதை நான் பார்த்தேன். [கழுத்துவலியை நான் கொடுத்ததாகச் சொன்னேன். முழுவதும் நான் கொடுத்ததில்லை போலிருக்கிறது.] இறங்கி, காரைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கண்ணாடியின்மேல் கை வைத்தாள்.

“ஐயோ மேடம், தொடாதீங்க! கேமரா அதுலதான் நிக்குது. கூடு அசைஞ்சா ஆங்கிள் போயிடும். இனிமே அத யாருமே திருப்பக் கூடாது.”

“கேட்டுக்கோ,” என்றார் கணவர்.

இத்தனை நாள் கண்ணாடி அவர் உயரத்துக்கு இருந்தது பழக்கத்தால். இப்போது அதைக் கேமரா போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவளுடைய நன்மைக்காக.

7

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். “ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு. இந்தத் தெருவச் சுத்தி வா, நாங்க இங்க நின்னு பாக்கறோம். ஒழுங்கா வந்தா சாவிய நீயே வெச்சுக்கோ.”

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் அற்புதமாக ஓட்டுகிறாள். இருபுறமும் லாரி நிற்கும் சந்தில் ரிவர்ஸிலேயே வந்து, ஒரு உரசல் இல்லாமல் நிறுத்துகிறாள். ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டுகிறார். எழுதும்போது எனக்கே உற்சாகமாக இருந்தது.

இன்னொன்றில் கை நடுங்கி வண்டி நின்றுவிடுகிறது. கொழுந்தன் சிரிக்கிறான். அவள் அழுகிறாள். நீங்கள் அவள்மேல் இரக்கப்படுகிறீர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிய ஒரு காலையில், கேமராவைப் பிடுங்கி அவள் சாக்கடையில் எறிவதாகவும் எழுதினேன். ஆனால் அன்று இரவு அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்காரப் போவது நான் இல்லையே.

முதல் முடிவைத்தான் வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது கூசியது. கணவர் அவளை அவருக்கு முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்கிறார். நான் அவளை உங்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். கோபப்படும் உரிமையை அவள் வண்டியோட்டிச் சம்பாதிக்க வேண்டுமா? சுமாராக ஓட்டினால் கண்ணாடியில் அவளுக்குச் சாலை தெரிய வேண்டாமா? அவர் சுமாராகத்தான் ஓட்டுவார். கடை வாசலில் வண்டியை நிறுத்த மூன்று முறை முன்னும் பின்னும் போனார். அவரை யாரும் சுற்றி வந்து காட்டச் சொல்லவில்லை.

மூன்றையும் கிழித்துவிட்டேன். சாவி அவளிடம் வந்ததா, ஊர்க்கோடிக்கு அவள் மறுபடி போனாளா என்பதை எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். அவளை ஓட்ட வைத்து மட்டும் முடிக்காதீர்கள். அன்று அவள் ஓட்டவில்லை.

8

நீட்டிய கையில் சாவி இருந்தது. கொழுந்தன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, “அண்ணி, ரெடி, ஸ்டார்ட்!” என்றான். ஃபிட்டர் வழியிலிருந்த பெட்டியை நகர்த்தி இடம் விட்டார். மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

“போ,” என்றார் கணவர். “பயப்படாத. அதான் கேமரா இருக்கே.”

திறந்திருந்த ஓட்டுநர் பக்கக் கதவை அவள் வெளியே நின்றபடியே சாத்தினாள்.

“பயம் இல்லீங்க,” என்றாள், கணவருக்கும், அதற்குள் கிட்டே வந்திருந்த எனக்கும் மட்டும் கேட்கிற குரலில். “ஓட்டிக் காட்ட மாட்டேன்.”