கரைக்கப்பல்

துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலின் பீரங்கிகள் மெல்லத் திரும்பித் தங்கள் பக்கம் பார்த்தபோது, கொடியசைத்துச் சேதி அனுப்பக் கற்ற கொடிக்காரன் பயிற்சி மைதானத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் பள்ளியே உட்கார்ந்திருந்தது. ஒருவரும் எழவில்லை. அந்தப் பீரங்கிகளில் ஒன்றுக்குப் பின்னால் அவன் கூடப் பிறந்த அண்ணன் இருந்தான்.

அந்தக் கடற்படைப் பயிற்சிப் பள்ளியும் கப்பல்தான், பெயரளவில். பழைய யுத்தத்தில் மூழ்கிப்போன ஒரு போர்க்கப்பலின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். சிமெண்டுத் தரையை 'டெக்' என்றுதான் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டிச் சோப்பு வாங்கப் போனாலும் 'கரைக்குப் போகிறேன்' என்று அனுமதி கேட்க வேண்டும். "உங்க கப்பல்ல ஒரு வசதிடா, எவனுக்கும் வாந்தி வராது" என்று அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான்.

கொடிக்காரனோடு ஒரே அறையில் இருந்தவனை எல்லோரும் ஒல்லி என்பார்கள். இரண்டு நாள் முன்பு அவனுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றவனைப் பள்ளியின் கேப்டன் ஏற இறங்கப் பார்த்தார். "கப்பல் முழுகும்போது எதிரிகிட்ட லீவு லெட்டர் நீட்டுவியா?" துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடச் சொன்னார். ஒல்லி ஓடினான். விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை. பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று கதை கட்டி, அவனுடைய பெட்டியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த காலையில் விசில் ஊதியும் யாரும் அணிவகுக்கவில்லை. வெளியிலிருந்து ஆள் வந்து விசாரிக்கட்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா கொடிக்காரனைச் சொல்வாள். அவனும் உட்கார்ந்தான்.

கேப்டன் போனில் கப்பலைக் கூப்பிட்டு, பள்ளியில் கலகம் என்று சொன்னார். அவர் மேலே பேசுவதற்குள் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள். யார் என்று அதிகாரிகள் கேட்டபோது ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பீரங்கிகள் இந்தப் பக்கம் திரும்பின; கப்பலின் மேல்தளத்தில் கொடிகள் அசைந்தன. பதில் சொல்ல ஆள் வேண்டும். கேப்டன் மைதானத்துக்கு வந்து கொடிக்காரனை விரலால் சுட்டினார்.

போகாதே என்று பக்கத்தில் இருந்தவன் அவன் சட்டையைப் பிடித்தான். "போய்ட்டு வரேன்டா" என்று கையை விலக்கிவிட்டு எழுந்தான்.

பள்ளியின் கொடிக் கோபுரத்து உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அவன் கப்பலின் கொடிகளைப் படித்தான்.

"அவங்ககிட்ட ஆயுதம் இருக்கான்னு கேக்கறாங்க சார்."

"இருக்குன்னு சொல்லு."

"இல்லையே சார்."

"சொன்னதை அனுப்பறதுதான் உன் வேலை. சரியா தப்பான்னு பாக்கறது என் வேலை." கேப்டன் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்கண்ணன் அங்கதானே இருக்கான்? அவன் பொழப்புக்கு நீயே உலை வைக்காதே."

கொடிக்காரன் கீழே பார்த்தான். மைதானத்தில் அத்தனை முகங்களும் அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. மொட்டைத் தலைகளில் வெயில் பளபளத்தது. இவன் கை இப்போது ஒரு பக்கம் சாய்ந்தால் அவர்கள் இருப்பார்கள், மறுபக்கம் சாய்ந்தால் இருக்க மாட்டார்கள். ஒரு சொல்தான். அது இவ்வளவு கனக்கும் என்று யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

கொடிகளை உயர்த்தினான். ஒவ்வொரு எழுத்தையும் பரீட்சையில் எழுதுவதுபோல நிறுத்தி நிதானமாகப் போட்டான்.

ஆயுதம் இல்லை. வெறுங்கை.

கேப்டனுக்கும் ஒரு காலத்தில் கொடி எழுத்துத் தெரியும். பாதியில் புரிந்துவிட்டது. பாய்ந்து ஒரு கொடியைப் பிடுங்கிக் கம்பை முறித்து வீசினார். "உன்னை ஜெயில்ல போட்டு மக்க வைக்கிறேன் பாரு!"

"போடுங்க சார். இதை முடிச்சிட்டு வரேன்."

அவன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, வெறுமையாக இருந்த கையில் பிடித்துக்கொண்டான். ஒரு கையில் கொடி, ஒரு கையில் தொப்பி. மீதியை அனுப்பினான். ஒருவனைக் காய்ச்சலோடு ஓடவிட்டுக் கொன்றார்கள். நியாயம் கேட்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில், எந்த விதியிலும் இல்லாத ஒரு சொல்லையும் சேர்த்தான். அண்ணா.

கப்பலில் கொடிகள் அசையவில்லை. பீரங்கிகளும் அசையவில்லை. அவற்றின் வாய்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் படிகளில் காவலர்களின் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அவன் திரும்பவில்லை.

அப்போது பீரங்கிக் கூண்டின் இரும்புக் கதவு திறந்தது. ஒருவன் வெளியே வந்தான். இத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அப்புறம் இன்னும் சிலர். முதலில் வந்தவன் தளத்தின் நடுவே போய், நீண்டிருந்த பீரங்கிக் குழாயின் அடியில், காலை மடித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.