இடது பின்சக்கரம்

ரஸ்ஸல் பேக்‌ஷாவின் கார் பெட்டி பெட்டியாக வெறும் பாகங்களாக வந்து, மூன்று வருஷம் கராஜில் கிடந்து, அவன் கையாலேயே காராக எழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். பின்சக்கரங்கள் உள்ளடங்கிக் கிடப்பது அவன் கண்ணை உறுத்தியது. போன வாரம் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே தகடு வைத்து அவற்றை ஓர் அங்குலம் வெளியே தள்ளினான். டயர் உரசுகிறதா என்று பார்க்க மட்கார்டின் உட்புறம் சாக்பீஸ் தடவி மேடுபள்ளத்தில் ஓட்டினான். டயரில் ஒரு பொட்டு வெள்ளைகூட ஒட்டவில்லை. அந்தத் தெம்பில்தான் ஞாயிற்றுக்கிழமை மனைவி மேண்டியை ஏற்றிக்கொண்டான். அவள் இந்தக் காரில் ஏறுவது அதுவே முதல் தடவை.

பக்ஸ்டனில் அவளுடைய தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. அங்கே போகும் மலைப்பாதை இறங்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?"

"ரோடு சரியில்ல."

"ரோடு சரியில்லன்னா ரப்பர் கருகுற நாத்தம் வருமா? மூக்க என்ன வீட்டுலயா வெச்சுட்டு வந்திருக்கேன்?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. மட்கார்டு போல்ட்களின் பளபளப்பான தலை வெளியே தெரியட்டும் என்று அவற்றை வெளியிலிருந்து உள்ளே மாட்டியிருந்தான். அவற்றின் முனைகள் இப்போது டயரை அறுக்கின்றன. பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. நிறுத்த இடமில்லை. இடப்பக்கம் கல்மதில் முடிந்து வெறும் சரிவு. வலப்பக்கம் வளைகிற ஒவ்வொரு திருப்பத்திலும் கார் இடப்பக்கம் சாய்ந்தது, சத்தம் நீண்டது. டயர் வெடித்தால் முதலில் போவது அவள் இருக்கும் பக்கம்தான்.

"மேண்டி, கொஞ்சம் என் பக்கமா சாஞ்சுக்கோ."

"என்னடா திடீர்னு கொஞ்சல்?"

"சாஞ்சுக்கோன்னா சாஞ்சுக்கோ!"

அவன் முகத்தைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவன் தோளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு திருப்பம். கடவுளே, இரண்டே இரண்டு.

ஒரு பண்ணைக் கதவருகே காரை ஒதுக்கி நிறுத்தினான். இறங்கிக் குனிந்து பார்த்தான். இடது பின் டயரைச் சுற்றிலும் ஆழமாக ஒரு கோடு. அதற்குள் டயரின் உள்நூல் தெரிந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். மேண்டியும் இறங்கி வந்தாள்.

"எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்னு சொன்னியே?"

"பாத்தேன். நானே உக்காந்து ஓட்டிப் பாத்தேன்."

"என் சீட்டுல?"

"யாருமில்ல."

இரண்டு மணல் மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்திருந்தால் போதும். எடை குறைந்த கார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தாலே அந்தப் பக்கம் இறங்கிவிடும். இது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த சீட்டில் யாராவது உட்காருவார்கள் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

மேண்டி டயரையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"அப்போ நான் இல்லேன்னா உரசாது."

"ஆமா," என்றான். அந்தப் பயத்தில் அவனுக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு பாதையோரமாக இறங்கி நடந்தாள். கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. சரிவில் பட்டதெல்லாம் ஒரு பயமா என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.