சத்தப் பங்கு

2023 மாசியில் நீர்வேலியில் முருகேசுவின் எட்டுப் பரப்பு வாழைத்தோட்டத்தில் மட்டும் பதினொரு நாள் மழை பெய்தது. அந்த மழையில் தண்ணீர் இருக்கவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும், தகரத்தில் விழுகிற மாதிரிச் சடசடவென்று இலைகளில் விழும், பன்னிரண்டுக்கு நின்றுவிடும். நிலம் காய்ந்தபடியே கிடந்தது, வாய்க்காலில் கோழி நடந்தது, ஆனால் வாழைகள் அந்தச் சத்தத்தைக் குடித்தன. பதினோராம் நாள் முடிய முருகேசுவின் கதலிக் குலைகளில் பதினாறு சீப்பு இருந்தது, பக்கத்துத் தோட்டங்களில் எட்டைத் தாண்டவில்லை. அந்தக் கிழமை சந்தையில் கதலி கிலோ நூற்றி எண்பது ரூபா, முருகேசுவின் கதலி இருநூற்றிப் பத்து. வாங்கினவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. பழம் நல்ல பழம்.

காரணம் முருகேசுவின் மகள் கீர்த்திகா. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். கணினி விஞ்ஞானம் படித்து, பரீட்சையில் நல்ல சித்தியோடு வெளியே வந்து, வேலை தா என்று மாவட்டக் கச்சேரி வாசலில் மற்றப் பட்டதாரிகளோடு பதாகை பிடித்து, கொழும்பில் இரண்டு நேர்முகத்தில் ஆங்கிலம் திக்கித் திரும்பி வந்து, நாலு வருசம் போயிருந்தது. வழியில் கண்டவர்கள் எல்லாரும் “இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ பிள்ளை?” என்று கேட்டார்கள். ஊருக்கு அது சுகம் விசாரிக்கிற மாதிரி, அவளுக்கு ஊசி. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று அவள் பழைய கீபோட் வாங்கி விற்கத் தொடங்கினாள். முப்பத்தைந்து வருசப் பழைய கீபோட்டுக்கு உயிரை விடுகிற சனம் உலகத்தில் இருக்கிறது. பழைய இரும்புக் கடைகளிலும் மூடின அரசாங்கக் கந்தோர்களின் களஞ்சியங்களிலும் நிறுத்து எறிகிறதை எடுத்து வருவாள். பொத்தான்களைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போட்டு, மஞ்சள் பிடித்த கோதுக்குத் தலைமயிர் வெளிற வைக்கிற மருந்து பூசி வெயிலில் காயவிடுவாள். வாழையிலையில் வைத்துப் படம் பிடித்து இணைய ஏலத்தில் போடுவாள். காசு ரொறன்ரோவில் இருக்கிற சொந்த மாமா மகன் சயந்தனின் கணக்குக்கு வந்து அங்கிருந்து இங்கே வரும். போலந்திலும் கொரியாவிலும் அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது, வாழையிலைக்காரி என்றால் தெரியும்.

சத்த மழையைக் கொண்டுவந்த அந்த ஒரு கீபோட், அச்சுவேலியில் மூடிக்கிடந்த அச்சகம் ஒன்றின் தட்டுமுட்டுச் சாமானோடு மொத்தமாக வந்தது. 1984ஆம் ஆண்டு என்று அடியில் ஒட்டியிருந்தது. மூலையில் வெள்ளி நிறச் சதுரப் பட்டயம், உள்ளே இரும்புத் தகடு, ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழும் ஒரு சுருள்வில்லு. அதைத் தூக்கி ஒருவனின் மண்டையில் போட்டால் கீபோட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது போடுகிற சத்தத்தில் தலையிடி வருகிறது என்று தாய் பத்மாவதி சொன்னதால், கீர்த்திகா மடிக்கணினியையும் அதையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டர் கொட்டிலுக்குப் போய், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்பு விண்ணப்பம் எழுதினாள். நிமிசத்துக்குத் தொண்ணூறு சொல் தட்டுவாள். பதினொரு நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் கனகரத்தினம் குடையோடு எல்லை வேலியில் வந்து நின்றார். தன் பக்கம் ஒரு துளி சத்தமும் விழவில்லை என்பதை அவர் ஒரு கிழமையாகக் கவனித்திருந்தார்.

“பிள்ளை, கொஞ்சம் இஞ்சாலைப் பக்கமாத் திரும்பி இருந்து தட்டன்.”

அவள் திரும்பவில்லை. பின்னேரம் கிணற்றுப் பங்காளிகள் எல்லாரும் முருகேசுவின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு கிணற்றுக்கு ஏழு பங்கு, ஏழு தோட்டம், ஆளுக்கு ஒரு நாள் முறை. அந்த வருசம் கிணற்றுத் தண்ணி உவரேறி வாழைக் கன்று கருகிக்கொண்டிருந்தது. கிணற்றுக்கு உள்ள முறையே சத்தத்துக்கும் இருக்கட்டும் என்று அவர்கள் பேசி முடித்தார்கள். கீர்த்திகாவை ஒருவரும் கேட்கவில்லை. “பங்காளியளோடை பகைக்க ஏலாது, மோளே” என்றார் முருகேசு.

திங்கள் கனகரத்தினம், செவ்வாய் விதவை குணலட்சுமி என்று தோட்டம் தோட்டமாக அவளுக்குக் கதிரை போட்டார்கள், வயர் இழுத்தார்கள், வெயிலுக்குக் குடை கட்டினார்கள். சனம் கெதியில் நுணுக்கம் கண்டுபிடித்தது. இலக்க வரிசை தட்டினால் தூறல், நடுவரி தட்டினால் நல்ல மழை, இடைவெளிப் பொத்தானை ஓங்கி அடித்தால் இடி. அவள் கோபமாக இருந்த நாட்களில் இலைகள் கிழிந்தன, அதனால் குணலட்சுமி தன் முறையன்று முதலில் ஒரு பால்தேத்தண்ணி கொடுத்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இருக்கவிட்டார். கனகரத்தினம் ஒருநாள் தானே தட்டிப் பார்த்தார். இரண்டு விரலால் ஒரு மணித்தியாலம் தட்டியதில் கோரைப்புல் மட்டும் முளைத்தது. “உது எங்களுக்குச் சரிவராது. அதுதான் அவள் இருக்கிறாளே” என்று எழும்பிவிட்டார். ஒரு பட்டதாரி மழையாக வேலைபார்த்தாள். சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டார்கள், முருகேசுவின் வீட்டில் அது ஒன்றுதான் இல்லாத குறை என்கிற மாதிரி.

சித்திரையில் குணலட்சுமி தன் மகளுக்குத் தோட்டத்தைச் சீதனமாக எழுதினார். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வழமையாக எழுதுகிறதை எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “மேற்படி காணியும், அதிலுள்ள வான்பயிர் செய்பயிர்களும், பங்குக் கிணறும், வழி வாய்க்காலும், முருகேசு மகள் கீர்த்திகாவின் விசைப்பலகைச் சத்தத்தில் ஏழில் ஒரு பங்கும்.” கீர்த்திகா அந்த உறுதியின் பிரதியை வாசித்தாள். தன் பெயர் முதல் முதலாக ஓர் அரசாங்க முத்திரைக்குக் கீழே வந்திருக்கிறது, அதுவும் வாய்க்காலுக்குப் பிறகு என்று கண்டாள். அன்றைக்கு முறை ஆருடையது என்று பாராமல் ஏழு தோட்டத்திலும் இலை கிழிந்தது.

வைகாசியில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இடம் வந்தது. செலவில் பெரும்பங்கை அவர்களே ஏற்றார்கள். முற்பணமும் விமானச் சீட்டும் அவளுடையது, நாலாயிரம் டொலர். யூன் முப்பதுக்கு முதல் கட்டவேண்டும், கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போகும். வெள்ளிப் பட்டயம் வைத்த கீபோட்டுகள் உலகத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன, அவை அந்த விலைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். வாழையிலையில் வைத்துப் படம் பிடித்து, பத்து நாள் ஏலத்தில் போட்டாள்.

முதலில் தகப்பன் வந்தார். “இந்தக் குலை வெட்டுமட்டும் பொறு பிள்ளை.”

“ஒரு குலை வெட்ட மற்றது தள்ளும் அப்பா. வாழை எப்ப முடிஞ்சது?”

பிறகு கனகரத்தினம் வந்தார். அவர் தேசவழமைச் சட்டம் தெரிந்த மனிதர், நாலு காணி வழக்குக் கண்டவர். பங்காளிக்கு அறிவிக்காமல் பங்குச் சொத்தை வெளியாளுக்கு விற்க ஏலாது, முதலில் கேட்கிற உரிமை பங்காளிக்குத்தான் என்றார்.

“அது காணிக்கு, மாமா. இது கீபோட்.”

“சத்தம் உறுதியிலை ஏறிட்டுது. உறுதியிலை ஏறினது காணிதான்.”

“அப்ப ஏலத்திலை வந்து கேளுங்கோ. ஒருத்தரையும் நான் மறிக்கேல்லை.”

அவள் அதை ஆத்திரத்தில் சொன்னாள். ஏலம் என்றால் நீர்வேலிக்குத் தெரிந்தது கோயில் மாம்பழ ஏலம் என்பதை அவள் யோசிக்கவில்லை. அந்த ஏலத்தில் ஐம்பது ரூபா மாம்பழம் இரண்டு லட்சத்துக்குப் போகும். கேட்கிறவன் மாம்பழத்தை வாங்குவதில்லை, ஒலிபெருக்கியில் தன் பெயர் வருவதை வாங்குகிறான், காசை அடுத்த வருசத் திருவிழாவுக்கு முதல் கொடுத்தால் போதும். மற்ற ஆறு பங்காளிகளின் பிள்ளைகளும் ரொறன்ரோவில், பரிஸில், சூரிச்சில், மெல்போர்னில் இருந்து ஏலத்தில் இறங்கினார்கள். இணையத்தில் கேட்கிறவரின் பெயரை நட்சத்திரம் போட்டு மறைக்கிறார்கள், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் விலையைக் கூட்டின கையோடு ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார்கள். அசலாக வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர் நாலாயிரத்து நூற்றைம்பதோடு விலகிவிட்டார். விலை பத்தாயிரத்தைத் தாண்டினபோது கீர்த்திகா கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தாள், கைபேசியை வைப்பாள், எடுப்பாள். சயந்தன் அழைத்து, “மச்சாள், உவங்கள் காசு கட்டமாட்டாங்கள். எங்கடை ஆக்களை உனக்குத் தெரியாதே?” என்றான். தெரியும். இருந்தும் நம்பினாள். இருபத்தேழாயிரத்து முந்நூறு டொலருக்கு, சூரிச்சில் இருக்கும் கனகரத்தினத்தின் மகன் வென்றான். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கனகரத்தினம் வந்து கீபோட்டுக்கு மாலை போட்டார்.

ஐந்து நாள் காசு வரவில்லை. ஆறாம் நாள் அவள் அவருடைய தோட்டத்துக்கே போனாள்.

“காசு எங்கை ஓடிப்போகுது பிள்ளை? அடுத்த கொடியேத்தத்துக்கு முதல் தம்பி அனுப்புவான்.”

“என்ரை இடம் யூன் முப்பதோடை போயிடும், மாமா.”

“போனால் போகட்டுமே. நீ இஞ்சை தானே இருக்கப்போறாய்.”

அவர் கெட்ட மனிதரல்ல. அவளுக்குக் கஷ்டம் கொடுக்கிறோம் என்று அவருக்குப் படவே இல்லை, கிணற்றுக்குக் கஷ்டம் கொடுக்கிறோம் என்று ஒருவரும் நினைப்பதில்லையே. கீர்த்திகா வீட்டுக்கு வந்து அந்த ஏலத்தை ரத்துச் செய்தாள், ஆறு வீட்டுப் பிள்ளைகளின் கணக்குகளையும் தடை செய்தாள், மூன்று நாள் ஏலமாகத் திருப்பிப் போட்டாள். பிறேமனில் இருந்த, றெயில்வேயில் ஓய்வுபெற்ற அதே ஜெர்மன்காரர் நாலாயிரத்து இருநூற்றிப் பத்துக்கு எடுத்தார், பத்து நிமிசத்தில் காசு கட்டினார். சயந்தன் அன்றைக்கே முற்பணத்தைக் கட்டி, சீட்டையும் எடுத்து, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு அனுப்பினான். இனிப் பொதி போகவேண்டும். போகாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், திருப்பிக் கொடுத்தால் அவள் போகமுடியாது.

யூன் இருபத்தாறு காலை பத்து மணிக்கு அவள் பொதியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வர, வாசற் படலைக்கு வெளியே ஆறு பங்காளிகளும் நின்றார்கள். கனகரத்தினம் சைக்கிளைக் குறுக்கே விட்டிருந்தார். உள்ளே ஏழாவது பங்காளியான முருகேசு வேலியோடு நின்று நிலத்தைப் பார்த்தார்.

“இருந்து கதைப்பம் பிள்ளை” என்றார் கனகரத்தினம்.

“கதைச்சது காணும். சைக்கிளை எடுங்கோ.”

“ஏழு குடும்பத்தின்ரை வாயிலை மண்ணைப் போடுறாய்.”

“போன மாசி வரைக்கும் நான் உங்கடை வாய்க்கு அவல். இப்ப சோறோ?”

அப்போது பத்மாவதி குசினியிலிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார். அந்த நாலு மாதத்தில் அவர் இந்த விசயத்தில் வாய் திறந்ததே இல்லை.

“கனகரத்தினம் அண்ணை, உங்களுக்கு எத்தினை விரல்?”

“என்ன கேள்வி தங்கச்சி? பத்து.”

“என்ரை பிள்ளைக்கும் பத்துத்தான். நீங்களும் ஒண்டு வாங்கித் தட்டிப் பழகுங்கோவன். ஆர் மறிச்சது?”

குணலட்சுமி முதலில் சிரித்தார். தன் மகளுக்கும் பத்து விரல்தான் என்று நினைத்தாரோ என்னவோ, “அண்ணை, சைக்கிளை எடுங்கோ, பெட்டைக்கு நேரமாகுது” என்றார். கனகரத்தினம் தன் கைகளைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். முருகேசு போய்ப் படலையின் மற்றப் பக்கத்தையும் திறந்துவிட்டார்.

அன்று பின்னேரம் தபால் வான் ஏ-ஒன்பது வீதியால் தெற்கே போனது. குலுங்கின குலுக்கலில் பெட்டிக்குள் பொத்தான்கள் தாமாக அமுங்க, கொடிகாமச் சந்தையில் வியாபாரிகள் மாம்பழக் குவியல்களுக்குப் படங்கு இழுத்து மூடினார்கள், வான் தாண்டினதும் படங்கை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து விலை பேசினார்கள். மூன்று கிழமையில் பிறேமன்காரர் குறிப்பு எழுதினார்: சொன்னபடி பொருள், நல்ல பொதி, பால்கனித் தக்காளி வளர்ந்து மேல்மாடிக்குப் போய்விட்டது, ஐந்து நட்சத்திரம்.

இரும்புத் தகடும் சுருள்வில்லும் உள்ள எந்தக் கீபோட்டும் பெய்யும் என்று அதற்குள் நீர்வேலி கண்டுகொண்டது. குணலட்சுமி தன் பெயரில் கணக்குத் திறந்து, ஏலம் முடிய ஆறு செக்கன் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்து, அறுபத்தொரு டொலருக்கு ஒன்று எடுத்தார். எப்படித் தட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு, படிப்பிக்க நேரமில்லை என்று சொல்லி, எந்த விரல் எந்தப் பொத்தானுக்கு என்கிற படம் ஒன்றை அச்சடித்து மோட்டர் கொட்டில் சுவரில் ஒட்டிவிட்டு கீர்த்திகா பெட்டி அடுக்கப் போனாள். ஆடி முடிய குணலட்சுமி நிமிசத்துக்கு முப்பத்திநாலு சொல், முருகேசு இருபது, கனகரத்தினம் இன்னும் இரண்டு விரல். அவருடைய தோட்டத்தில் கோரை நன்றாக இருந்தது. மாட்டுக்காரர் வந்து வாங்கிப் போனார்கள், கட்டு நாற்பது ரூபா.

கீர்த்திகா ஆவணியில் போனாள். அங்கே நூலகத்தில் மெல்லிய, சத்தமே இல்லாத கீபோட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் நாள் அவள் ஒன்றின் முன்னால் இருந்து, தன்னுடைய முதலாவது கட்டுரையைத் தட்டினாள். ஒரு மணித்தியாலம் தட்டிவிட்டு நிறுத்தி, மேசையைப் பார்த்தாள், சன்னலோரத் தொட்டியில் நின்ற செடியைப் பார்த்தாள். ஒரு இலையும் கூடவில்லை. வெளியே மழை பெய்தது, தண்ணீர் உள்ள மழை, அதற்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, இன்னும் மூன்று மணித்தியாலம் தட்டினாள்.