வர்க்கமூலத்தின் கூரை

தர்மிளா இறந்து எட்டு மாதம் கழித்து அவளைக் கண்டித்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

அனுப்பியது மனிதர் இல்லை. இலவச மென்பொருட்களைப் பொதி கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் ஒரு களஞ்சியத்தின் தானியங்கி. தர்மிளா எழுதிய நிரல் லைப்ரரியும் அதில் ஒரு பொதி. எந்தச் செயலிக்குள்ளும் கணிதச் சூத்திரங்களை ஒழுங்காகக் காட்டுவது அதன் வேலை. பின்னம், அடுக்கு, வர்க்கமூலம் எல்லாம். பதினொரு செயலிகள் அதை நம்பி இருந்தன. பொதி பழுதாகிவிட்டது, பராமரிப்பவர் மூன்று கடிதங்களுக்கும் பதில் தரவில்லை, ஞாயிறு நண்பகலுக்குள் சரிசெய்யாவிட்டால் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படும் என்றது தானியங்கி.

பதில் தராததற்கு அவள் கணவன் றொபின்சனிடம் நல்ல காரணம் இருந்தது. அதை எழுதத்தான் பதில் படிவத்தில் இடம் இல்லை.

அவனும் நிரல் எழுதுபவன்தான், ஒரு காப்புறுதி நிறுவனத்தில். ஒரு வாரம் லீவு போட்டான். மனைவியின் சாவுக்குப் போட்டதைவிட இரண்டு நாள் அதிகம்.

எழுத்துருக்களைத் தனிப் பொதியாகப் பிரித்தான். காலாவதியான பகுதிகளை மாற்றினான். பிறகு சோதனைகளை ஓட்டினான். இருநூற்றுப் பதினான்கு சூத்திரங்களில் ஒன்று மட்டும் தேறவில்லை. வர்க்கமூலக் குறியின் மேற்கோட்டுக்கும் உள்ளே இருக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்திருந்தது. அந்தக் கோட்டை அவர்கள் வீட்டில் கூரை என்பார்கள். நிரலுக்குள் தர்மிளா ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: 'இடைவெளி மூன்று புள்ளி. றொபின் இரண்டு போதும் என்றார். பிழை.'

இதற்காக ஒருமுறை மெத்ரோ ரயிலில் லா சப்பலில் ஏறி நாசியோனில் இறங்கும்வரை சண்டை பிடித்திருக்கிறார்கள். பழுது பார்க்கும்போது அவன் கை தானாக இரண்டு என்று போட்டிருந்தது. மூன்று ஆக்கினான். சோதனை தேறியது.

மீதி ஒரு வரிதான். பராமரிப்பவர் என்ற இடத்தில் தர்மிளாவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன. அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வரும். 'ஆம்' என்று பதில் எழுதினால் பொதி ஏறிவிடும். அவளுடைய தொலைபேசி இன்னும் சார்ஜில்தான் கிடந்தது. கடவுச்சொல்லும் தெரியும். அவளாக இருந்து ஒரு சொல் எழுதினால் போதும், பெயர் அப்படியே இருக்கும். இல்லையென்றால் அழிக்க வேண்டும். வங்கியிலும் வீட்டு ஒப்பந்தத்திலும் தபால் பெட்டியிலும் ஏற்கெனவே அழித்தாயிற்று. இதில் அழிப்பதாக அவனுக்கு உத்தேசம் இல்லை.

சனிக்கிழமை காலை அவளுடைய உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கும் கார்கோ கடைக்குப் போனான். மன்னாரில் இருக்கும் அவளுடைய தங்கை சிவாஜினிக்கு அனுப்ப வேண்டும். கடை இம்மாகுலேற் அக்காவுடையது. செத்தவீட்டுக்கு வந்து மூன்று நாள் சமைத்துப் போட்டவர்.

"லீவெண்டு கேள்விப்பட்டன். வீட்டிலை என்ன செய்யிறீர்?"

"பொதி கட்டுறன் அக்கா."

"எங்களை விட்டிட்டு ஆரின்ரை கார்கோவிலை?"

"கார்கோ இல்லை. தர்மிளா எழுதின நிரல். கணக்குச் சூத்திரம் காட்டுறது."

"எத்தினை கிலோ?"

"ரெண்டு மெகாபைட்."

"காத்துப்போலை கிடக்கும். இஞ்சை கொண்டுவராதையும், இருவது கிலோவுக்குக் குறைய நாங்கள் எடுக்கிறேல்லை."

அவன் நிரப்பிய படிவத்தை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"அனுப்புபவர் எண்டதிலை உதென்ன தம்பி?"

தர்மிளா என்று எழுதியிருந்தான். யோசித்து எழுதவில்லை.

"அவவின்ரை சாமான்தானே அக்கா."

"சாமான் அவவின்ரை. கொழும்பிலை கஸ்ரம்ஸ்காரன் பெட்டியை மறிச்சானெண்டால் அனுப்பின ஆளுக்குத்தான் போன் அடிப்பான். ஆர் எடுக்கிறது?"

றொபின்சன் படிவத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தான்.

"எடுக்கிற ஆளின்ரை பேரைப் போடும். இல்லாட்டிப் பெட்டி அங்கை கிடந்து உக்கும்." புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினார். "அவவின்ரை பேரை உள்ளை வைக்கிற லிஸ்டிலை எழுதும். தங்கச்சி திறந்தவுடனை அதைத்தான் பாப்பா."

"மெதாம், கொஞ்சம் கெதியா," என்றார் பின்னால் நின்றவர்.

"ஒராள் எழுதிக்கொண்டு நிக்கிறார். கண் தெரியேல்லையோ?"

றொபின்சன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அந்த வரியை அழித்துத் தன் பெயரையும் முகவரியையும் போட்டான். பொதிக்குள் இன்னொரு கோப்பு இருந்தது. 'எழுதியவர்: தர்மிளா.' அதை மாற்றும்படி யாரும் கேட்டிருக்கவில்லை. கடிதம் அவனுடைய முகவரிக்கே வந்தது. 'ஆம்' என்றான். பொதி ஏறியது. அவள் தொலைபேசியைச் சார்ஜிலிருந்து எடுக்கவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை முதல் முறைப்பாடு வந்தது. லியோனிலிருந்து எமிலி என்ற ஒருத்தி எழுதியிருந்தாள். வர்க்கமூலத்தின் மேற்கோடு அதிக உயரத்தில் நிற்கிறதாம். இரண்டு புள்ளி போதாதா என்று கேட்டிருந்தாள்.

றொபின்சன் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டுதான் நன்றாக இருந்தது. என்றைக்கும் இரண்டுதான் நன்றாக இருந்தது.

'இரண்டு பிழை. மூன்றுதான் சரி,' என்று பதில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, முறைப்பாட்டை மூடினான்.